உவமைக்குப் பச்சை, உருவகத்துக்குச் சிவப்பு

14.08.2005, ஞாயிறு, காலை மணி 6.40
கடித எண் 7/2005
பொருள்: ஆங்கிலத் தாளில் அடியேன் தேறியமை

வல்லக்கோட்டை மைத்துனர் நாகப்பன் அவர்களுக்கு, படப்பையிலிருந்து சுப்பராயன் எழுதுவது. இங்கு யாவரும் நலம். என் நலம் நேற்று மாலை 4.15 முதல் சற்றுக் கூடுதல்.

06.03.2005 அன்று காதுகுத்து விருந்தில், நான் வடையைப் பிட்ட தறுவாயில், நாற்பது பேர் எதிரில் தாங்கள் கேட்டது நினைவிருக்கும்: “இன்னா மாமா, இங்கிலீசுல அரியர் வச்சிக்கினு காதுகுத்துப் பத்திரிகைல பி.ஏ.ன்னு போட்டுக்கிற? உவமை எது, உருவகம் எதுன்னு சொல்லு பாக்கலாம்!” வடை இலையிலேயே கிடந்தது. தபால்வழிப் படிப்பில் ஐந்து முறை என்னைக் கவிழ்த்த தாள் அது. பேத்தி தென்றலின் கல்யாணப் பத்திரிகையில் வெறும் சுப்பராயனாக நிற்பதா என்று அன்றே சூளுரைத்தேன்.

மாடியில் குடியிருக்கும் தென்காசிப் பெண் வேல்விழி, ஒரகடம் தொழிற்சாலை ஒன்றில் உதிரிப்பாகம் சோதிப்பவள். அவள் சொன்னாள்: “தாத்தா, எங்க லைன்ல ரொம்ப யோசிக்க மாட்டோம். அளவுக்குள்ள போச்சுன்னா பச்சை ஸ்டிக்கர், போகலைன்னா சிவப்பு, அம்புட்டுதான். ‘லைக்’, ‘ஆஸ்’ போட்டு ஒப்பிட்டா உவமை, பச்சை ஒட்டுங்க. இதுதான் அதுன்னு அடிச்சுச் சொன்னா உருவகம், சிவப்பு.” பாடநூல் முழுவதும் ஒட்டினேன். நூல் மூட மறுத்தது. “பாறாங்கல்லு மாதிரி ஒக்காந்துகினு கீறியே” என்று தங்கள் அக்காள் சரோஜா வைதபோது, அதை மனத்துக்குள் ஆங்கிலத்தில் பெயர்த்து என் சட்டையில் பச்சை ஒட்டிக்கொண்டேன். மறுநாள், “நீ ஆளே இல்ல, பாறாங்கல்லு!” என்றாள், சிவப்பு.

22.05.2005 தேர்வில் பத்து வாக்கியங்கள். உவமை ஐந்துக்கும் ‘ஓகே’ என்றும், உருவகம் ஐந்துக்கும் ‘ரிஜெக்ட்’ என்றும் பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். மணியடிக்க நான்கு நிமிடம் இருக்கையில் விழித்து, “பிழைதிருத்தம்: ஓகே என்பதை உவமை என்றும், ரிஜெக்ட் என்பதை உருவகம் என்றும் வாசிக்கவும்” என ஆங்கிலத்தில் எழுதித் தேதியும் இட்டேன். திருத்தியவர் கண்ணியமானவர். நேற்று மாலை மதிப்பெண் பட்டியல் வந்தது: நாற்பது தேவை, நாற்பத்தொன்று பெற்றேன்! ஓகே, ரிஜெக்ட் கதையைக் கேட்ட வேல்விழி தலையிலடித்துக்கொண்டாள்: “ரெண்டுமே நல்ல பீஸுதான் தாத்தா, டப்பாதான் வேற!”

எனவே தாங்கள் அச்சடிக்கப் பொறுப்பேற்றுள்ள கல்யாணப் பத்திரிகையில் பி.ஏ. தவறாமல் இடம்பெறட்டும். தங்கள் இல்லத்தில் சகல மங்கலமும் பெருகுக.

இப்படிக்கு,
சுப்பராயன், பி.ஏ.

பி.கு.: காலை மணி 7.25. “பத்திரிகைலாம் போன வாரமே அடிச்சி நாகப்பன் வூட்டுல கீது. உன் பேருக்குப் பின்னாடி ஒண்ணும் இல்ல” என்று சரோஜா இப்போதுதான் சொல்கிறாள். ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தங்கள் கையாலேயே ஒட்டுமாறு வேண்டுகிறேன்.

இணைப்பு:
1. மதிப்பெண் பட்டியல் நகல் – 1
2. என் கையால் ‘பி.ஏ.’ என எழுதிய பச்சை ஸ்டிக்கர்கள் – 350
3. சிவப்பு ஸ்டிக்கர் – 1 (தங்கள் சட்டைக்கு)