நூலிழைக் கோணல்

இனி இந்த ஜென்மத்தில் ஒரு முழத் துணிகூட வெட்டுவதில்லை என்று பம்புப் பட்டறை ஃபிட்டர் சபதம் எடுத்தார். மனைவியிடம் சொல்லவில்லை. அந்தத் தைரியம் இருந்திருந்தால் சபதமே தேவைப்பட்டிருக்காது.

மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். பிறக்கப்போகும் குழந்தைக்காக, பழைய துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து ஒரு போர்வை தைத்துக்கொண்டிருந்தாள் மனைவி. விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கிடந்தது. நாலு சதுரம் வெட்டுவதற்குள் கத்தரிக்கோல் கையைவிட்டு நழுவிவிடும். அது தரையில் விழும் சத்தம் பட்டறைச் சங்கைவிடக் கறாரானது. செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு ஃபிட்டர் வெட்டிக் கொடுக்க எழுந்து போக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதற்கு வழி செய்தார். துணிமேல் உருட்டினாலே வெட்டுகிற வட்டக் கத்தி. அதற்கு முழுக்கையால் பிடிக்கும்படி தடித்த பிடி. துணி அசையாமல் அழுத்த, கதவுக் கைப்பிடி பொருத்திய இரும்பு அளவுகோல். நின்றபடி உடம்பைச் சாய்த்து வெட்ட, மேஜைக் கால்களுக்கடியில் மரக்கட்டைகள்.

"விரலுக்கு வேலையே இல்ல. தோளால தள்ளு, போதும்."

தள்ளினாள். கத்தி வழுக்கிக்கொண்டு போனது. அவள் முகம் சுளிக்கவில்லை.

"வலிக்குதா?"

"இல்லைங்க. துளிகூட இல்ல."

ஃபிட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று துடைத்துக்கொண்டார்.

அடுத்த சதுரம் ஒரு நூலிழை சாய்ந்தது.

"என்ன இது? மூலை கோணலா இருக்கு."

"கொஞ்சூண்டுதானே. தையல்ல போயிடும்."

"போகாது."

"பச்சைக் குழந்தை ஸ்கேல் வச்சா பாக்கப் போகுது? போய்ப் பேப்பரைப் படிங்க."

மயிரிழை பிசகினாலும் ஒரு பம்பைப் பட்டறை வாசல் தாண்ட விடாதவர் அவர். பல்லைக் கடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். செய்தித்தாளில் வரிகளெல்லாம் சாய்ந்து தெரிந்தன. மூன்றாவது சதுரம் இன்னும் கோணல்.

"தள்ளு அந்தப் பக்கம்!"

தள்ளிக்கொண்டாள். பதினோரு நாளில் முந்நூறு சதுரங்களையும் அவரே வெட்டி முடித்தார். அவள் எதிரே உட்கார்ந்து தைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் எதிர்வீட்டுக்காரி வந்தாள்.

"அண்ணே, எங்க ஜன்னல் திரையை அக்கா காலையில உங்க மேஜைலதான் வெட்டிக் குடுத்தாங்க. நூல் பிடிச்ச மாதிரி அவ்வளவு நேரா இருக்கு!"

அவள் போனதும் ஃபிட்டர் மனைவி பக்கம் திரும்பினார்.

"அப்போ என் முன்னாடி வெட்டினது?"

மனைவி ஊசியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "வெட்டுறதும் நானே, தைக்கிறதும் நானேன்னா இந்தக் கையை வச்சுக்கிட்டு பிரசவத்துக்குள்ள முடியுமா? வாய்விட்டுக் கேட்டா மாட்டேன்னிருப்பீங்க."

"அதுக்காக வேணும்னே கோணலா..."

"அதை லேசுன்னு நினைக்காதீங்க. நீங்க செஞ்ச சாமான்ல நேரா வெட்ட வலியே இல்ல. கோணலா வெட்டத்தான் கை விட்டுப்போச்சு."