நாற்பது ஞாயிறு முத்திரை

ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் தன் மகள் வர்ஷாவைப் புனித ஒஸ்வால்ட் அங்கிலிக்கன் பாடசாலையில் சேர்ப்பது என்று ஜெயமலர் முடிவெடுத்ததில் கடவுளுக்கு ஒரு பங்கும் இல்லை. அங்கே படிக்கிற பிள்ளைகள் நுனிநாக்கில் இங்கிலிஷ் பேசினார்கள். அது போதாதா? வேறு எந்தப் பாடசாலைக்கும் அவள் விண்ணப்பமே போடவில்லை.

பாடசாலைக் கந்தோரில் இருந்த அம்மையார் மிகுந்த பணிவோடு விளக்கினார். அங்கிலிக்கன் பாடசாலைகள் மூன்று வகைப்படும். ஒன்றைச் சபையே நடத்தும், பிள்ளைகளையும் சபையே தெரிவுசெய்யும். இன்னொன்றில் பெயர்ப்பலகை சபையுடையது, கதவுத் திறப்பு நகரசபையின் கையில். மூன்றாவதை ஓர் அறக்கட்டளை நடத்தும். அங்கே யாரைக் கேட்டாலும் மற்றவரைக் கேட்கச் சொல்வார்கள். இது முதலாம் வகை. ஆகையால் தாயோ தகப்பனோ நாற்பது ஞாயிறு சேர்ச்சுக்கு வந்து கார்டில் முத்திரை வாங்கவேண்டும். கணிதம் யார் படிப்பிப்பது என்று ஜெயமலர் கேட்டாள். அதற்குத் தங்களிடம் படிவம் இல்லை என்றார் அம்மையார்.

ஆருக்குத் தெரியப்போகுது என்று முதல் ஞாயிறு பின்வரிசை வாங்கில் போய் இருந்தாள். முன்வரிசை வாங்கில் முருகன் கோயில் தலைவர் நாகமுத்து அண்ணை, நெற்றியில் திருநீறோடு. பக்கத்தில் அதே கோயிலில் மாலை கட்டும் கனகவல்லி அக்கா, மடியில் முத்திரைக் கார்டு. ஒருவரையொருவர் கண்டதும் எல்லோரும் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்தார்கள்.

ஈஸ்டர் வரும்போது இருக்க இடமில்லை. பிறப்பிலேயே அங்கிலிக்கன்களான ஏழு வெள்ளைக்காரக் கிழவர்கள் சுவரோரம் நின்று கும்பிட்டார்கள். போதகர் கொட்வின், அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான், சபையில் பெரும் எழுச்சி என்று மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். மேலிடமும் வாழ்த்து அனுப்பியது. இருபதாவது கிழமையில் ஜெயமலர் பாடகர் குழுவிலும் சேர்ந்துவிட்டாள்.

நாற்பதாவது முத்திரையைக் குத்தும்போது போதகர் மெல்லக் கேட்டார்.

"வாற கிழமையும் வருவியள்தானே, அக்கா?"

"பின்னை வராமலோ, ஃபாதர்?"

வர்ஷாவுக்கு இடம் கிடைத்தது. அடுத்த ஞாயிறு ஜெயமலர் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தாள். மற்ற ஆக்கள் போவினம்தானே, நான் ஒராள் போகாட்டி என்ன என்று புருஷனுக்குச் சொன்னாள். அன்று காலை முப்பத்தொரு வீடுகளில் இதே கதைதான். அன்றைக்குத்தான் எழுச்சியை நேரில் பார்க்க மேலிடத்திலிருந்து மேற்பார்வையாளர் வந்திருந்தார். ஏழு கிழவர்களும் வாங்குகளில் வசதியாக இருந்தார்கள். ஐம்பது பேராவது வராத சபைக்கு முதலாம் வகைப் பாடசாலை வைத்திருக்க ஏலாது என்பது விதி.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. "தங்கள் பிள்ளை தெரிவானமை குறித்து மகிழ்ச்சி அடைகிறோம். பாடசாலை இரண்டாம் வகையாக மாற்றப்பட்டமையால் மேற்படி மகிழ்ச்சி இத்தால் இரத்துச் செய்யப்படுகிறது. இனி ஐந்நூறு மீட்டருக்குள் வசிப்போருக்கே இடம்."

ஜெயமலரின் வீடு இரண்டு கிலோமீட்டர். சீருடை வேறு தைத்தாயிற்று. குசினிக்குள் நின்று உண்மையாகவே அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போதகரிடம் ஓடினாள். சாகும்வரை ஒரு ஞாயிறும் தவறமாட்டேன், ஏதாவது செய்யுங்கோ என்று கெஞ்சினாள்.

போதகர் அவளை இருத்தினார்.

"எனக்குத் தெரியாதே, அக்கா, நீங்கள் ஏன் வந்தனீங்கள் எண்டு? நான் கேக்கேல்லை. கேட்டால் எண்ணிக்கை குறைஞ்சிடும். என்ர மகன்ர இடமும் போயிட்டுது. எங்கட வீடு அறுநூறு மீட்டர்."

"அப்ப பிள்ளையை எங்க சேர்க்கப்போறியள், ஃபாதர்?"

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கத்தோலிக்கப் பாடசாலை ஒண்டு இருக்கு. அங்க முப்பது முத்திரை எடுத்தாலே காணும், சனி பின்னேரப் பூசைக்கும் குத்துவினம். நான் நாலு எடுத்திட்டன்."