மன்னரின் அப்பா

ஏழு குன்றுகளுக்கு நடுவே ஒரு பேரரசு இருந்தது. ஆள்பவரை அவருடைய மெய்க்காவலர்களே குத்திக் கொல்வது அங்கே வழக்கம். அப்படிக் காலியான அரியணை ஒன்றில் உட்கார்ந்தவர்தான் வல்லபர். ஆடு மேய்ப்பவரின் மகன். படையில் சேர்ந்து வாளால் மேலே வந்தவர்.

நாடு நொடித்துக் கிடந்தது. வரி தாங்காமல் உழவர்கள் நிலத்தை விட்டு ஓடினார்கள். ரொட்டி சுடுகிறவர்கள் அடுப்பை அணைத்துவிட்டுப் போனார்கள். வல்லபர் வரியைக் குறைக்கவில்லை. அப்பா செய்த தொழிலையே மகனும் செய்யவேண்டும் என்று ஆணையிட்டார். சிப்பாய் ஒருவரின் கால் விளங்காத மகனைக் கோட்டைச் சுவரில் காவலுக்கு ஏற்றினார்கள். ஆறு வற்றிய ஊரில் படகோட்டியின் மகன் மணலில் துடுப்போடு காத்துக் கிடந்தான். "நாட்டில் ஒழுங்கு திரும்பிவிட்டது," என்றார் அமைச்சர் நீதிசாகரர்.

ஒருநாள் ரொட்டிக்காரரின் விதவை இலஞ்சி சபைக்கு வந்தாள். "மாவுத்தூசி பட்டாலே எம்மவனுக்கு மூச்சு அடைக்குது, சாமி. வேற வேலைக்கு விடுங்க. இல்லேன்னா செத்துருவான்."

"தந்தை ரொட்டி சுட்டார், மகனும் சுடுவான். சட்டம் தெளிவாக இருக்கிறது," என்றார் நீதிசாகரர்.

அவள் அரசரையே பார்த்தாள். "உங்கப்பாரு என்ன வேலை பார்த்தாரு, சாமி?"

வல்லபருக்கு அப்பாவின் கம்பளி வாடை நினைவுக்கு வந்தது. மழையில் அதற்குள் ஒண்டிக்கொண்டு தூங்கியிருக்கிறார். உண்மையைச் சொன்னால் சட்டத்தை முதலில் மீறியவர் அவர்தான் என்றாகிவிடும். பையன் பிழைப்பான், அரியணை போய்விடும். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அமைச்சரின் பக்கம் திரும்பினார்.

"மன்னரின் தந்தையும் மன்னரே," என்றார் நீதிசாகரர். அதுவும் ஆணையாயிற்று, மறுத்துப் பேசினால் நாக்கை அறுக்கவேண்டும் என்று சேர்த்து எழுதினார்கள். மன்னரின் அப்பாவுக்குச் செங்கோல் பிடித்த சிலைகள் ஊருக்கு ஊர் எழும்பின. அடுத்த மழைக்காலம் வருமுன் இலஞ்சியின் மகன் அடுப்படியிலேயே செத்துப்போனான்.

வயதானதும் வல்லபர் அரியணையைத் துறந்தார். சட்டப்படி அது மகனுக்குப் போயிற்று. அவர் பிறந்த ஊருக்குத் திரும்பி, சில ஆடுகள் வாங்கி, அப்பா மேய்த்த சரிவிலேயே விட்டார். வெகுகாலத்துக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

ஊர்க்காவலன் ஓடிவந்தான். "பெரியய்யா, ராசா மகன் ஆடு மேய்க்கக் கூடாதுங்க. சட்டம்."

"எங்கப்பா இந்தச் சரிவுலதான் ஆடு மேய்ச்சாரு, தம்பி."

காவலன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "மெதுவாப் பேசுங்கய்யா. இதே பேச்சுக்குத்தான் இலஞ்சின்னு ஒரு அம்மாவுக்கு நாக்கை அறுத்தாங்க. நான் எதையும் கேக்கலை."

ஆடுகளை அவன் ஓட்டிக்கொண்டு போனான். வல்லபர் வெறுங்கையோடு இறங்கினார். ஊர் முகப்பில் அப்பாவின் சிலை செங்கோலோடு நின்றது. கடந்து போகிற எவரும் கும்பிட்டாகவேண்டும். அவரும் கும்பிட்டார். அது யாருடைய முகமோ அவருக்குத் தெரியவில்லை.