எக்கி உதைத்த பந்தும் எங்கள் கழகத்தின் தத்துவமும்

உலகக் கால்பந்து வரலாற்றை இரண்டு காலங்களாகப் பிரிக்கலாம் என்பதைப் பொதுமக்களுக்கு இதன்மூலம் அறிவித்துக்கொள்கிறோம். ஒன்று, வால்கன்ரோடு கழகம் தத்துவம் வாங்குவதற்கு முந்தைய இருண்ட காலம். மற்றது, வாங்கிய பிறகு வந்த ஒளிமயமான காலம். கழகத்தின் செய்தித் தொடர்பாளன் என்ற முறையில் நான் உண்மையை மட்டுமே எழுதுகிறவன். அதிலும், நிர்வாகக் குழு ஒப்புதல் கொடுத்த உண்மையை மட்டுமே.

இருண்ட காலத்தின் பெயர் எக்ஹார்ட் ப்ரூமல். ஊருக்கு எக்கி. கூரைக்கு ஓடு வேய்பவரின் மகன். பின்களத்தின் நடுவே நிற்பார். எதிராளி பந்தோடு வந்தால், பந்தை மைதானத்துக்கு வெளியே உதைப்பார். பந்தில்லாமல் வந்தால், உதைக்க மாட்டார். இவ்வளவுதான் அவருடைய கலை. மீசை அரும்பிய காலத்தில் தொடங்கி அந்த மீசை நரைக்கும்வரை அதையேதான் செய்துகொண்டிருந்தார். எங்களுக்காக அவர் ஒரு கோல்கூடப் போட்டதில்லை. எதிரணிக்காக ஒன்று போட்டிருக்கிறார். தலையால் முட்டிப் போட்டது. பார்க்க மிக அழகாக இருந்தது.

பெரிய நகரத்துக் கழகம் ஒன்று ஒருமுறை அவரைச் சோதித்துப் பார்க்க அழைத்தது. காலையில் ரயிலேறினார், சாயங்காலம் கழக விடுதியில் பீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னடா எக்கி, வேணாம்னுட்டாங்களா?" என்று கேட்டோம்.

"நான்தான் வேணாம்னுட்டேன். மைதானத்தைச் சுத்தி ஒரே கட்டடம். பந்தை எங்கே உதைக்கிறது?"

எங்கள் மைதானத்தில் அந்தக் குறை இல்லை. மேற்குப் பக்கம் பார்வையாளர் மேடை கிடையாது. இடுப்பளவு வேலிச்செடி. அதைத் தாண்டினால், ஊரார் வாடகைக்கு எடுத்துக் காய்கறி போடும் சிறுதோட்டச் சங்கத்தின் பாத்திகள். முதல் பாத்தி சங்கத் தலைவி ரோஸ்விதா பீப்பருடையது. எக்கி உதைக்கும் பந்துகள் அந்த அம்மையாரின் நூல்கோல்களுக்கு நடுவே போய் இளைப்பாறும். ஆட்டத்துக்கு மறுநாள் அவற்றைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு அவரே வருவார்.

"எக்கி, நேத்து மட்டும் என் பாத்தியில மூணு பந்துடா."

"மன்னிச்சிடுங்க பீப்பர் அம்மா. மூணும் கோல் ஆகியிருக்கும்."

"அப்ப சரி. ஆனா லெட்டூஸ் பக்கம் உதைக்காதே. அது இப்பத்தான் தலை தூக்குது."

எங்கள் கழகத்தில் அன்று நடந்துகொண்டிருந்த "வியூக ஆலோசனை" இந்தத் தரத்தில்தான் இருந்தது என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

இந்த இருளை நீக்க வந்தார் டாக்டர் கொன்ஸ்டான்டின் ஆல்டன்ஹோஃப், "ஆட்டத் தத்துவ இயக்குநர்". கடலில் மத்தி மீன்கள் கூட்டமாகத் திரும்புவதை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். காலால் பந்தைத் தொட்டதே இல்லை. எனவே முன்முடிவுகள் அற்றவர். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், உருளைக்கிழங்கு சாலடும் தொத்திறைச்சியும் பரிமாறப்படுவதற்குச் சற்று முன்பு, திரையில் அம்புக்குறிகளைப் பறக்கவிட்டுப் பேசினார்.

"பந்தை வெளியே உதைக்கிறதுங்கிறது பயம். அதை விட்டொழிக்கணும். இனிமே பின்னாலேர்ந்து ஆட்டத்தைக் கட்டி எழுப்பப் போறோம். சின்னச் சின்ன பாஸ். கோல்கீப்பர்கிட்ட குடு, திரும்ப வாங்கு."

கசாப்புக்கடை ஓட்மார் எழுந்தார். "டாக்டர், கட்டி எழுப்பறப்ப எதிராளி வந்து பந்தைப் பிடுங்கிட்டா?"

"அது ஒரு தகவல்."

"கோலும் போட்டுட்டா?"

"அது இன்னும் பெரிய தகவல்."

ஓட்மார் உட்கார்ந்துவிட்டார். சமையலறைப் பக்கமிருந்து வாசனை வந்துகொண்டிருந்தது. அந்த வாசனை வந்த பிறகு எங்கள் கூட்டத்தில் எந்தத் தீர்மானமும் தோற்றதாக வரலாறு இல்லை. "பந்தை மைதானத்துக்கு வெளியே உதைத்தல் கழகத்தின் விழுமியங்களுக்கு முரணானது" என்ற வாசகம் படிக்கப்பட்டது. எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டி வரவேற்றோம். அப்போதுதான் கடைசி வரிசையில் எக்கி எழுந்தார்.

"ஒண்ணு கேட்டுக்கலாமா? இது எனக்குக் கடைசி வருஷம். நான் வந்தப்போ கழகம் நாலாவது பிரிவுல இருந்துச்சு. போறப்பவும் அதுலயே விட்டுட்டுப் போகணும். வேற ஆசை கிடையாது. உதைக்காம அதை எப்படிச் செய்யறதுன்னு யாராச்சும் சொல்லுங்க."

டாக்டர் இறங்கி வந்து அவர் தோளில் கை வைத்தார். "எக்கி, நீங்க இனிமே தடுப்பாட்டக்காரர் இல்ல. 'ஆட்டத் தொடக்குநர்'."

"அப்ப தடுக்கிறது யாரு?"

"தடுக்க வேண்டிய நிலைமையே வராது."

மறுபடி மேசையைத் தட்டினோம். தொத்திறைச்சி வந்தது.

அதே உற்சாகத்தில் துணைத் தீர்மானம் ஒன்றும் நிறைவேறியது. வெளியே போகாத பந்துக்கு மாற்றுப் பந்து எதற்கு? அப்படி ஒன்றை வைத்திருப்பதே தத்துவத்தின் மீது அவநம்பிக்கை அல்லவா? எனவே, ஆட்டம் தொடங்கியதும் ஒரே ஒரு பந்து தவிர மற்றவை, விருந்தாளி அணிக்குப் பயிற்சிக்குத் தந்தவை உட்பட, கொட்டகையில் வைத்துப் பூட்டப்பட்டன. சாவி மைதானக் காவலர் ஃப்ரீட்ஹெல்மிடம்.

எக்கி கட்டுப்பாடான மனிதர். கூட்டம் முடிவெடுத்தால் எடுத்ததுதான். அந்தப் பருவம் முழுவதும் பந்தைக் கோல்கீப்பரிடம் தந்தார். கோல்கீப்பர் அவரிடம் தந்தார். நடுவில் எதிராளி ஒருவர் நன்றியோடு வாங்கிக்கொண்டார். பந்தைக் காலில் வைத்திருந்த நேரத்தில் எங்கள் பிரிவிலேயே நாங்கள்தான் முதலிடம். அதில் பெரும்பகுதி எங்கள் கோலுக்கு முன்னால்தான் கழிந்தது என்று சில விஷமிகள் எழுதினார்கள். புள்ளிப் பட்டியலில் எங்கள் பெயர் அடிவாரத்துக்கு வந்துவிட்டதையும் சுட்டிக்காட்டினார்கள். "பட்டியல்ங்கிறது ஒரு பார்வைக் கோணம்," என்றார் டாக்டர். நான் அதை அப்படியே அறிக்கையாக வெளியிட்டேன்.

பீப்பர் அம்மா மட்டும் ஒருநாள் காலித் தள்ளுவண்டியோடு வந்து விசாரித்தார். "எக்கிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

கடைசி ஆட்டம் வந்தது. எல்லா ஊர்களிலும் ஒரே நேரத்தில், பகல் ஒரு மணிக்கு. தோற்காமல் இருந்தால் நாங்கள் பிழைப்போம். வந்திருந்த லூடர்ஸ்பெர்க் அணி ஜெயித்தால் அவர்கள் பிழைப்பார்கள். நாங்கள் ஐந்தாவது பிரிவுக்குப் போவோம். முடிய ஐந்து நிமிடம்கூட இல்லை. யாரும் கோல் போடவில்லை. லூடர்ஸ்பெர்க்காரர்கள் வெறிபிடித்தவர்கள்போல் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் கோல்கீப்பர் பாய்ந்து விழுந்தார். பந்து கம்பத்தில் பட்டு உருண்டு கோல் கோட்டருகே எக்கியின் காலடியில் வந்து நின்றது. எதிராளி இரண்டடி தூரத்தில்.

"கட்டி எழுப்பு!" என்று டாக்டர் கத்தினார். "கோல்கீப்பர்கிட்ட குடு!"

"எனக்கு வேணாம்டா!" என்று தரையில் கிடந்த கோல்கீப்பர் அலறினார். "உதைடா எக்கி!"

எக்கி டாக்டரைப் பார்த்தார். வேலிச்செடியைப் பார்த்தார். உதைத்தார்.

அந்தப் பந்து போன உயரத்தை வர்ணிக்க எனக்கு அனுமதி இல்லை. மைதானமே எழுந்து நின்றது. ஓட்மார் பக்கத்திலிருந்த யாரோ ஒருவரைக் கட்டிப்பிடித்து அழுதார். நான் என் கடமைப்படி, "விதிமீறல்" என்று குறித்துக்கொண்டேன்.

பக்கவாட்டிலிருந்து எறிந்து ஆட்டத்தைத் தொடரும் உரிமை லூடர்ஸ்பெர்க்குக்கு. "பந்து எங்கே?" என்றார் அவர்கள் தலைவர். பந்து இல்லை. கொட்டகைச் சாவி ஃப்ரீட்ஹெல்மிடம். ஃப்ரீட்ஹெல்ம் வேலிக்கு அப்பால் தன் தோட்டக் குடிசையில் உறக்கத்தில். லூடர்ஸ்பெர்க் தலைவர் வேலிக்கு ஓடினார். அங்கே சங்கத்தின் விதிப் பலகையருகே பீப்பர் அம்மா கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"அந்தப் பந்தைக் குடுங்க!"

"ஷ்ஷ்! ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் ஓய்வு நேரம். பலகையைப் படிக்கத் தெரியாதா?"

"இத்தனை பேர் கத்துறாங்களே, அது?"

"ஆட்டச் சத்தத்துக்குச் சங்கம் விலக்கு குடுத்திருக்கு. பந்து பொறுக்க வர்றவங்களுக்குக் குடுக்கல."

"அம்மா, நாங்க கீழ்ப் பிரிவுக்குப் போயிடுவோம்!"

"போங்க. சத்தம் போடாமப் போங்க."

அவர் வேலியைத் தாண்டக் காலைத் தூக்கினார். பலகையைப் படித்தார். காலைக் கீழே வைத்தார். அவரும் இந்த நாட்டுக்காரர்தானே. நடுவர் வந்தார், அவரும் படித்தார், "விதின்னா விதிதான்" என்று கடிகாரத்தை நிறுத்திவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார். இரண்டு அணியும் உட்கார்ந்தன. வெறியோடு ஓடிவந்தவர்களின் கெண்டைக்கால்கள் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டன. ஓட்மார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு தட்டு நிறையச் சுட்ட தொத்திறைச்சியோடு அவர்களிடம் போனார்.

"பாவம், எவ்வளவு ஓடிட்டீங்க. சாப்பிடுங்க தம்பிகளா. வெட்கப்படாதீங்க, இன்னொண்ணு எடுங்க."

தேவாலய மணி மூன்று அடித்தது. பீப்பர் அம்மா பந்தைத் துடைத்து, தள்ளுவண்டியில் வைத்து, அவசரப்படாமல் கொண்டுவந்தார். லூடர்ஸ்பெர்க் அணி நிறைந்த வயிற்றோடு எழுந்து மிச்ச ஆட்டத்தை நடந்து முடித்தது. கோல் விழவில்லை. நாங்கள் பிழைத்தோம்.

எல்லோரும் டாக்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு போன பிறகு, எக்கி வேலிப் பக்கம் போனார்.

"லெட்டூஸ் மேல விழலையே?"

"இல்லடா. ஒரு நூல்கோல்தான் நசுங்கிருச்சு. இந்தா, நீயே வெச்சுக்கோ."

அவருடைய வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த ஒரே கோப்பை அதுதான்.

அடுத்த பொதுக்கூட்டத்தில், "ஒரு தனிநபரின் தவறையும் மீறித் தத்துவம் வென்றது" என்ற என் அறிக்கை வாசிக்கப்பட்டது. டாக்டரின் பதவிக்காலம் நீட்டிக்கப்பட்டது. எக்கிக்குக் கண்டனம், நெடுநாள் சேவைக்காக அவர் சட்டையில் குத்துவதாக இருந்த பொன் ஊசிப் பதக்கம் நிறுத்திவைப்பு. இனி இப்படி நேராமலிருக்க மேற்கு வேலி நெடுக உயரமான வலை கட்டவும் முடிவானது. மேசையைத் தட்டினோம்.

"சரி," என்றார் எக்கி, கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு. "நாலாவது பிரிவுலதான் விட்டுட்டுப் போறேன். பார்த்துக்கோங்க."

பீப்பர் அம்மாவின் பாத்தியை ஒட்டிக் காலியாகக் கிடந்த தோட்டத்தை வாடகைக்கு எடுத்து, அவரும் நூல்கோல் போட்டார். அதற்குப் பிறகு எங்கள் தத்துவத்தில் ஒரு கறைகூடப் படியவில்லை. ஒரு பருவம் முழுக்க ஒரு பந்துகூட அந்த வேலி வலையைத் தொடவில்லை. எக்கியின் பாத்தியில் அமோக விளைச்சல்.

நாங்கள் இப்போது ஐந்தாவது பிரிவில் ஆடுகிறோம்.