கூரத்து வயலில் என் மாமனார்

கேசட்டில் இருக்கும் படத்தை டிஸ்க்குக்கு மாற்றினால் கேசட் காலியாகிவிடும் என்று முப்பத்தைந்து வயது வரை நம்பியவன் நான். (சிரிக்காதீர்கள். தறிக்காரன் வேறெப்படி நினைப்பான்? நூல்கழியில் இருக்கும் நூலைத் தார்க்குச்சியில் சுற்றினால் கழி காலிதானே?)

எங்கள் கல்யாண கேசட்டில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. என் மனைவி சுமதிக்கு அதில் எங்கள் கல்யாணத்தைவிட முக்கியமான ஒன்று இருந்தது: அவள் அப்பா. அவர் போய் இரண்டு வருஷம். அவர் நடப்பதையும் பேசுவதையும் பார்க்க வேண்டுமென்றால் அந்த ஒரு கேசட்தான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டுடியோவில் மாற்றி வாங்கினேன். டிஸ்க்கோடு கேசட்டையும் திருப்பிக் கொடுத்தார்கள். படம் போன வெறும் நாடா நமக்கெதற்கு? பக்கத்து ஊரான கூரத்தில் நெல் போட்டிருந்த சிநேகிதர் ஏகாம்பரம், குருவி விரட்டப் பழைய நாடா கேட்டிருந்தார். வள்ளலாகக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமியாரும் மைத்துனனும் வந்து உட்கார்ந்தார்கள். புது பிளேயரில் டிஸ்க்கைப் போட்டேன். திரையில் வெறும் நீலம். வேட்டி முனையால் துடைத்துப் போட்டேன். அதே நீலம்.

"உடுங்க. அந்த கேசட்டக் குடுங்க, வேற எங்கனா மாத்திக்கலாம்" என்றாள் சுமதி.

படம் இன்னும் கேசட்டிலேயே இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்டுடியோவிலேயே மறந்துவிட்டேன் என்று புளுகிவிட்டு, மொபெட்டில் கூரத்துக்குப் பறந்தேன். அங்கே குச்சிக்குக் குச்சி இழுத்துக் கட்டிய நாடாவாக எங்கள் முகூர்த்தம் காற்றில் உறுமிக்கொண்டிருந்தது.

"குடுத்தத திருப்பிக் கேக்குறியே, இன்னாபா?" என்றார் ஏகாம்பரம்.

"எங்க மாமனார் இதுல இருக்காருபா."

அவர் வயலை ஒரு சுற்றுப் பார்த்தார். "எந்தப் பக்கமா?"

இருவருமாக அவிழ்த்துச் சுருட்டினோம். சேறும் சிக்குமாக ஒரு கறுப்பு மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுமதியிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தபடி வந்தேன். வாசலிலேயே நாதஸ்வரம் கேட்டது.

உள்ளே திரையில் மாமனார் வீடியோக்காரரை அதட்டிக்கொண்டிருந்தார்: "லைட்ட அந்தாண்ட திருப்புபா, ஜனம் சாப்ட்டுக்கினு இருக்குது இல்ல?"

சுமதி அழவில்லை. தரையில் உட்கார்ந்து, யாரோ பக்கத்து அறையிலிருந்து பேசுவதைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்துத்தான் என்னையும் மூட்டையையும் பார்த்தாள்.

அந்தச் சிக்கு இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. யாராவது கேட்டால், "எங்கப்பாவுக்கு ரெண்டு காப்பி. ஒண்ணு கூரத்துல காவலுக்குப் போயிட்டு வந்தது" என்பாள்.

டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லை. சரிகை மின்னும் பக்கத்தை மேலே வைத்தே புடவை விரித்துப் பழகியவன், அதையும் மின்னும் பக்கம் மேலாகப் போட்டிருந்தேன். நான் போனதும் மைத்துனன் எடுத்துத் திருப்பிப் போட்டிருக்கிறான்.