மாஸ்கோக்காரர் வீட்டுக்கு வந்த மடல்

சித்திரை வெயிலில் குரங்குக் குல்லாயோடு நாமக்கல் கடைத்தெருவில் நடமாடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். அவருடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. மாஸ்கோ என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும்.

முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். மனைவி இல்லை. ரஷ்யாவில் கசான் என்ற ஊருக்கு மருத்துவம் படிக்கப் போன ஒரே மகன், படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். போன் செய்வது அத்தி பூத்த மாதிரி. அதனால் ரஷ்யச் செய்திகளைச் சுருக்கி மின்னஞ்சலில் அனுப்பும் ஒரு மடலுக்கு என்னை வைத்துப் பதிவு செய்துகொண்டார். ஆங்கில மடல். மாடியில் தனியாகக் குடியிருந்த நான்தான் காலைக் காப்பியோடு தமிழில் சொல்ல வேண்டும். அங்கே பனி என்று படித்தால் இங்கே குல்லாய் ஏறிவிடும்.

எண்ணெய் விலை, அமைச்சர் மாற்றம் எதுவும் அவருக்கு வேண்டாம்.

"கசான் பேரு வந்துருக்குதுங்களா?"

"இல்லைங்க."

"அப்பச் செரி. பையன் நல்லா இருக்கறானுங்க."

ஒருநாள் கசான் அணி பந்தாட்டத்தில் ஜெயித்த செய்தி வந்து தொலைத்தது. பெயரைக் கேட்டதுமே மனிதர் படுத்துவிட்டார். ரெண்டு கோல் என்று நான் கத்தியது காதில் ஏறவில்லை. மறுநாள் மகன் போனை எடுத்த பிறகுதான் சோறு இறங்கியது.

மடல் அனுப்புகிறவரின் பெயர் 'நோ ரிப்ளை' என்றே நம்பினார். பதில் எழுதாதே என்று அர்த்தம் என்றேன்.

"பேரு எப்படியோ இருக்கட்டுங்க. எனக்குத் தெனமும் எழுதறது அந்த மனுசன் ஒருத்தருதானுங்களே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஒரு காலை, செய்திக்குப் பதிலாக ஒரு படிவம் வந்தது. எங்கள் மடலில் உங்களுக்குப் பிடித்தது எது? பதில் அனுப்பாதவர்களுக்கு இனி மடல் வராது.

"நிறுத்திப் போடுவாங்களா சாமி?" டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

சுருக்கம், நடுநிலை, ஆழமான அலசல் என்று கட்டங்கள். ஒவ்வொன்றாக விளக்கினேன்.

"நம்முளுது இதுல இல்லீங்களே."

கடைசியில் 'வேறு ஏதாவது' என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுதட்டும் என்று கேட்டேன். காப்பி ஆறிப்போகும் வரை யோசித்தார்.

"தெனமும் வருது. அதுல என்ற பையன் ஊரு வாரதில்லை. அது போதும்னு எழுதுங்க."

அப்படியே எழுதி அனுப்பினேன். மறுநாள் மடல் வந்துவிட்டது. எண்ணெய் விலையைக்கூட அன்றைக்கு முழுசாகக் கேட்டார்.

இப்போது நான் மாற்றலாகி அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கிறேன். வந்த மடலை அவர் அப்படியே எனக்கு அனுப்பிவிடுவார், நான் போனில் தமிழில் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை மடலுக்கு விடுமுறை. அன்றைக்கும் கூப்பிட்டுவிடுகிறேன்.

"இன்னைக்கு ஒண்ணும் வரலீங்களே?" என்பார்.

"சும்மாதாங்க" என்பேன். அவரை விட்டால் எனக்கும் தினமும் பேச ஆளில்லை. அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.