அகில இலங்கை வெருளிகள் நலன்புரிச் சங்கம்

எங்கள் ஊரில் ஒருவன் தனியாக எதைச் செய்தாலும் அது வேலைவெட்டி இல்லாத கூத்து. அதையே ஒரு சங்கம் செய்தால் சேவை. இந்த உண்மை எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

அப்போது தோட்டங்களில் காகம், கிளி கலைக்க நட்டுவைத்திருக்கும் வெருளிகளைப் படம் பிடித்து இணையத்தளத்தில் போடுவது என் பொழுதுபோக்கு. (சிரிக்காதீர்கள். ஹெல்மெட் போட்ட வெருளியை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள்.) தளத்தின் பெயர் 'வெருளிப் படங்கள்'. சின்னம் இரண்டு தடியும் ஒரு சட்டியும், நானே கீறியது. வந்து பார்த்தவர்கள் என் தங்கையும், இது சட்டி பானை விற்கிற இடமோ என்று கேட்டவர்களும்தான்.

சிநேகிதன் சுரேன்தான் வழி சொன்னான். "மச்சான், சங்கம் எண்டு போடு. சனம் தானா வரும்."

போட்டேன்: 'அகில இலங்கை வெருளிகள் நலன்புரிச் சங்கம்'. தலைவர் நான். உறுப்பினர்கள் எல்லாரும் தோட்டத்தில் நின்றார்கள். இவ்வளவு பெரிய பெயருக்குச் சட்டி காணாது அல்லவா? பள்ளிக்கூடச் சின்னம் மாதிரி வட்டம் கீறி, இரண்டு பக்கமும் வாழையிலை வளைத்து, மேலே ஒரு காகத்தை இருத்தினேன். கீழே 'நிற்பதே எம் பணி' என்று எழுதினேன். நடுவில் நிற்கக் கம்பீரமான ஓர் ஆள் தேவைப்பட்டார். நீர்வேலிக் கத்தரித் தோட்டம் ஒன்றில் கறுப்புக் கோட்டும் வெள்ளிப் பொத்தானுமாக அகப்பட்டார். என்ன எடுப்பு! கனடாவிலிருந்து ஒருவர் சங்கத்தை ஆதரிக்கும் போசகராகத் தன்னைச் சேர்க்கச் சொல்லி எழுதினார். (சேர்த்தேன்.)

இந்த நேரத்தில்தான் புத்தூருக்குப் பெண் கேட்கப் போனேன். தர்சினியும் நானும் எப்போதோ முடிவெடுத்துவிட்டோம். அவளுடைய அப்பா, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், 'ஓம்' சொல்வதுதான் பாக்கி. என்னை ஒரு சங்கத் தலைவர் என்று அவரிடம் அவள் சொல்லிவைத்திருந்தாள். புது நீலச் சட்டையோடு போய் இறங்கினேன். பயமா? எனக்கா?

"உம்மடை சங்கத்தை ஒருக்காக் காட்டும் பாப்பம், தம்பி," என்றார்.

கைபேசியை நீட்டினேன். வாசித்தார், சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். "சின்னத்தைப் பெரிசாக்கிப் பாருங்கோ ஐயா," என்றேன். (என் வாய்!)

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இஞ்சேரும்!" என்று குசினிப் பக்கம் கத்தினார். "உது நான் சேர்ச்சிலை தாலி கட்டேக்கை போட்ட கோட்டெல்லே?"

மாமி (அப்போது இன்னும் மாமியாகவில்லை) வந்து எட்டிப் பார்த்தார். "ஓம். எங்கடை நீர்வேலித் தோட்டத்துக்கு நான்தான் குடுத்துவிட்டனான். உங்களுக்கு ஒரு கையும் பூராது, பிறகென்னத்துக்குப் பெட்டிக்குள்ளை?"

ஐயோ! வலிகாமத்தில் அத்தனை தோட்டம் இருக்க, நான் போய் இவர்களுடைய தோட்டத்துக்குள்தான் நின்றிருக்கிறேன்.

"என்ரை கலியாணக் கோட்டை உலகம் முழுக்கப் பாக்குது!" கைபேசியை என் கையில் திணித்தார். தர்சினி அழத் தொடங்கினாள். கலியாணம் போச்சு என்றே நினைத்தேன்.

"எழும்பும், தோட்டத்துக்குப் போவம்," என்றார் அதிபர்.

என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். கோட்டைத் தன் கையாலேயே கழற்றி, தூசி தட்டி, மடித்துக்கொண்டார். வெறும் தடியைப் பார்த்தார். பிறகு என் சட்டையைப் பார்த்தார்.

"நலன்புரிச் சங்கமெல்லே? உறுப்பினரை உப்பிடி அம்மணமா விடலாமோ, தலைவர்?"

கழற்றினேன். வேறென்ன செய்வது? பெண் கேட்கப் போனவன், பெண்ணின் அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பெனியனோடு சந்தி தாண்டி வந்தேன். கடைகளில் இருந்தவர்கள் எழும்பி நின்று பார்த்தார்கள்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "சட்டையைக் கழட்டச் சொல்ல ஒரு மறுகதை கதைக்கேல்லை நீர். என்ரை பிள்ளையோடை காலம் தள்ளுவீர். வாற கிழமை அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாரும்."

சின்னம் இன்னொருமுறை மாறியது. இப்போது வாழையிலைகளுக்கு நடுவில் நிற்பது என் நீலச் சட்டை. கலியாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகும் நான் புதுச் சட்டை போட்டு வெளிக்கிட்டால் மாமி விடுவதில்லை.

"தம்பி, உது சேர்ச்சுக்கோ, கத்தரித் தோட்டத்துக்கோ?"